பட்டி பார்த்த இடம்

நெல்லித்தோப்பில் முப்பது வருஷமாய்
கார்களின் கீறலை மறைக்கிறவன் நான்.
ஷேர் ஆட்டோ உரசியது, பள்ளிக்கூடப் பையன் ஆணியால் இழுத்தது,
வீட்டில் சொல்ல முடியாத தெருவில் போய் இடித்துக்கொண்டது,
எதுவானாலும் பட்டி வைத்துத் தேய்த்து
வாங்கிய நாளுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்.

சூய்ப்ரேன் வீதி மிசே ழில்பேர்
புதுக் கிதார் ஒன்றைப் பெஞ்சில் கிடத்தி
'இதைப் பழசாக்கு பாவாடை' என்றார்.
எண்பத்தொன்பதில் விற்றாராம் ஒன்றை.
அதே கடல்பச்சை வேண்டும். அதே தழும்புகள்.
நோட்டுத் தாளில் படம் போட்டு அம்புக்குறி இட்டு
ஒவ்வொன்றுக்கும் ஊர் எழுதியிருந்தார்:
காரைக்கால், கல்யாண மேடை.
மாஹே, பஸ் கூரை.
ஒரு அம்பை மட்டும் ரப்பரால் அழித்திருந்தார்.

முதல் கீறலுக்குக் கை கூசியது.
அப்புறம் பழகிவிட்டது.
குருசுக்குப்பம் மீன்கடை ஃபிரீசரில்
பிளாஸ்டிக் சுற்றி, வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி.
காலையில் வெயிலில் வைத்ததும் விரிந்தது வார்னிஷ்,
அடுத்த வீட்டில் யாரோ அப்பளம் நொறுக்குகிற அளவுக்குச் சத்தம்.
ஸ்குரூக்களை வைத்திக்குப்பத்து மச்சான் மாடியில்
கருவாட்டோடு காயப் போட்டேன்.
எட்டே நாளில் துரு. கடல் இதற்குக் கூலி கேட்பதில்லை.
வெள்ளைக் குமிழ்கள் டீத்தூள் வெந்நீரில் ஊறின.
முழங்கை படுகிற இடத்தில் மட்டும்
உப்புத்தாள் போட மனசு வரவில்லை.
ஜீன்ஸ் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு
வாசிக்கத் தெரியாத நான்
மூன்று சாயங்காலம் வாசிக்கிறவன் மாதிரி உட்கார்ந்து தேய்த்தேன்.
எதிரே பஞ்சர் கடைப் பையன் கைதட்டினான்.

சனிக்கிழமை மதாம் ஒர்தான்ஸ் தனியாக வந்தார்.
கண்ணாடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.
'சிகரெட் சூடு அங்கே இல்லை, இன்னும் மேலே.
அது கிடக்கட்டும். ஒண்ணு குறையுது.'
கீழ் விளிம்பு. விரல் நீளம்.
பச்சை போய், பிரைமர் போய், மரம் தெரிகிற ஆழம்.

'எப்படிம்மா விழுந்தது?'

'விழலை.
நான் சுவத்துல அடிச்சேன்.'

அழித்த அம்பு அங்கேதான் இருந்தது.
அவருக்கு வேண்டாம், இவருக்கு வேண்டும்.
பணம் வருவது இவர் கைப்பையிலிருந்து.

உளியை நீட்டினேன். வாங்கவில்லை,
இப்போதெல்லாம் கை நடுங்குகிறதாம்.
காட்டிய இடத்தில் நானே வெட்டினேன்.
'இன்னும் கொஞ்சம் ஆழமா' என்றார்,
கத்தரிக்காய் நிறுக்கச் சொல்லும் குரலில்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கடையைத் திறந்து
அதே இடத்துக்குப் பட்டி வைத்தேன்.
தேய்த்தேன். பச்சை அடித்தேன்.
சுற்றிலும் இருப்பதைப் போல மேலே மெல்லிய விரிசல்கள் ஓட்டினேன்.
என் வேலையில் இவ்வளவு சுத்தம் அதற்கு முன்னால் இல்லை.

மிசே வாங்கி, திருப்பிப் பார்த்து, 'அதேதான்' என்றார்.
சுருதி சேர்க்க உட்கார்ந்துவிட்டார்.
மதாம் தூசி துடைக்கிற மாதிரி
கீழ் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
என்னைப் பார்த்தார்.

நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.
பட்டிக்குக் காசு போடவில்லை.