அமுக்கினால் கேட்காது

பணகுடிக்குத் தெற்கே ஆனிக் காற்று
சோற்றுத் தட்டில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும்.
அந்த மண்ணையும் சேர்த்துத் தின்றுதான்
நாற்பத்திரண்டு காற்றாடிகளுக்கு நான் பொறுப்பானேன்.
பொறுப்பு என்றால்
தகரக் கன்டெய்னரில் ஓர் ஆபீஸ்,
எட்டு ஆட்கள், ஒரு வாக்கி டாக்கி.

பதினேழாம் நம்பர் நின்ற அன்று
காற்று வினாடிக்குப் பதினான்கு மீட்டர்.
வருஷத்தில் அப்படி ஒரு வாரம் கிடைத்தால் அதிகம்.
சென்னையிலிருந்து மூன்று தரம் போன்.
மூன்றாம் தரம் எனக்குக் கிடைத்ததை
சூடு ஆறாமல் அப்படியே
எண்பது மீட்டர் உயரத்துக்கு அனுப்பினேன்.
"மாடக்கண்ணு, மேல என்ன சவத்தையா கட்டிக்கிட்டு இருக்க?
ஒரு சென்சர் மாத்த ரெண்டு மணி நேரமா?"

எல்லோருக்கும் பொதுவான அலைவரிசை அது.
பழவூர்ப் பக்கம் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தவன் கேட்டான்.
கேட் வாட்ச்மேன் கேட்டார்.
டீக் கேனோடு வந்த அந்தோணியும்
கேட்காதது போல் டம்ளரைக் கழுவினார்.

பதில் இல்லை.
என் கட்டைவிரல் பொத்தானை விடவே இல்லை என்பது
பிற்பாடுதான் உறைத்தது.
அந்தக் கருவி அப்படி.
அமுக்கியிருக்கும் மட்டும் நாம் பேசலாம்,
அடுத்தவன் செத்தாலும் கேட்காது.

இறங்கி வந்தான். கை கழுவினான்.
டிபன் பாக்ஸைத் திறந்து
சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றான்.
பதினேழு சுற்றத் தொடங்கியிருந்தது.
யூனிட் கணக்கில் நல்ல நாள்.
நல்ல நாள் என்றே எழுதியும் வைத்தேன்.

மறுநாள் ஜெபசிங் வாசலில் நின்றான்.
"சொல்லணுமான்னு தெரியல மேடம்.
இன்னைக்கு அவன் கொக்கிய மாட்டாம ஏறிட்டான்.
இருபதடி போன பொறவுதான் நான் பாத்தேன்.
பதினோரு வருசத்துல மறந்தவனில்ல."

என் குரலைக் காதுக்குள் வைத்துக்கொண்டு
ஏணி ஏறியிருக்கிறான்.
இடுப்பு வாரில் அதை மாட்ட
கொக்கி கிடையாது.

தலைமைப் பண்புக்கென்று கம்பெனி
மதுரையில் வகுப்பு வைத்தது; பளபளவென்று ஒரு பைல்.
அதில் வருத்தம் தெரிவிப்பதற்கும் ஒரு பக்கம் உண்டு:
தனியாக அழையுங்கள், கதவைச் சாத்துங்கள்.
எனக்கு அந்தக் கணக்கு ஒட்டவில்லை.
ஊர் கேட்க வைதுவிட்டு
உள்ளே கூப்பிட்டு வருந்துவதாவது.

காலை ஏழு மணிக்குப் பொத்தானை அமுக்கினேன்.
"மாடக்கண்ணு, முந்தாநாள் நான் பேசுனது தப்பு.
மெஷின் நின்னதுக்கு நீங்க காரணமில்ல.
எனக்கு வந்த பயத்தை உங்க தலையில இறக்கிட்டேன்."
விரலை எடுத்தேன்.

இரைச்சல்.
எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால்
இரைச்சலுக்கே ஒரு கனம் வந்துவிடும்.
பிறகு அவன்:
"இருபத்திமூணுல கிரீஸ் தீரப் போவுது மேடம்."
மன்னித்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆனால் ஆடி பிறந்ததிலிருந்து
கெட்ட செய்திகள் எனக்குச் சீக்கிரம் வருகின்றன.
"நேத்து ஒரு போல்ட்ட முறுக்காம விட்டுட்டேன், இப்பப் போயிப் பாக்கேன்."
"பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி உறக்கமில்ல,
இன்னைக்கு என்னைய மேல ஏத்தாதீங்க."
முன்பெல்லாம் இவை
எதுவோ முறிந்த பிறகு
விசாரணை அறிக்கையாக வரும்.
சென்னைக்கு அனுப்பும் தாளில்
நின்ற நேரத்துக்குக் கட்டம் இருக்கிறது.
இதை ஓரத்தில் பென்சிலால் குறிக்கிறேன்.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
நேற்று முப்பத்தொன்று நின்றது. போனும் வந்தது.
கட்டைவிரல் தானாகப் போய்விட்டது.
"ஏன்" என்று ஒரு சொல்
வெளியேயும் போய்விட்டது.
அதோடு எடுத்தேன்.

"சொல்லுதேன் மேடம்" என்றது
மேலிருந்து.