இழுக்கிற மூச்சு

பத்தாம் நம்பர் ஸ்பனர், இரண்டு போல்ட், ஒரு கிளிப்.
றெஜினோல்ட் சக்கர வளைவுக்குள் கைவிட்டு
கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை உருவி எடுத்தான்.
குலுக்கினான். உள்ளே
கொஞ்சம் உமி, ஒரு எலி சேர்த்துவைத்த பஞ்சு,
மற்றபடி ஒன்றுமில்லை.
"பாத்தியளோ அண்ணை, வெறும் பெட்டி.
இதுதான் உங்கட காரை மூச்சுவிடாமல் வைச்சிருந்தது."

மல்லாவிச் சந்தியில் மிதித்தேன்.
கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்
ஒரே குரலில் போய்வந்த பழைய கொறோலா
தொண்டை திறந்து உறுமியது.
வாழைக்குலை கட்டிய சைக்கிள் ஒன்று
தானாகவே ஒதுங்கியது.
பலம் கூடினமாதிரித்தான் இருந்தது, இரண்டு நாள்.
மூன்றாம் நாள் வவுனிக்குளம் அணைக்கட்டில் ஏறும்போது
அதே இரண்டாம் கியர், அதே இழுவை.
காது மட்டும் வேகமாய்ப் போய்விட்டது,
கார் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பெற்றோல் லீற்றருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் குறைவு.
அது காரின் குற்றமில்லை,
அந்தச் சத்தத்தைக் கேட்க மிதிக்கிற காலின் குற்றம்.
எஞ்சின் தன் சூட்டையே திரும்பத் திரும்பக் குடித்தது.
பில்ற்றரில் ஒரு மாதத்திலேயே செம்மண்.

மாங்குளத்தில் மறித்த பொலிஸ்காரர்
பின்னால் போய்க் குனிந்து
புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தார்.
சைலன்சர் இருந்தது. புதுசு.
"அப்ப சத்தம் எங்க இருக்கு?"
முன்னாலும் ஒன்று உண்டு சேர் என்று நான் சொல்லவில்லை.
அவருடைய புத்தகம் வெளியே விடுகிற மூச்சுக்கு.
இழுக்கிற மூச்சுக்கு அதில் பக்கமில்லை.

ஆனால் நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில்
ஒரு இடம் இருந்தது.
மூன்றாம் கியரில் காலை அசையாமல் வைத்தால்
உறுமல் ஒடுங்கி, மெல்லிசாகி,
தலைக்கு மேலே எங்கேயோ நின்று சுற்றும்.
ஆஸ்பத்திரி லிகிதர் பரஞ்சோதி அந்த இடத்தில்
சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை விட்டுவிட்டு
கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
ஒரு கொக்கு போனது.
பிறகு அவர் அந்த வசனத்தை முடிக்கவேயில்லை.
அன்றிலிருந்து அந்த வேகத்தையும் நான் கழற்றிவிட்டேன்:
நாற்பத்துநாலு. உடனே ஐம்பத்தொன்று.

மாரி தொடங்கினதும் பெட்டியைத் தேடிப் போனேன்.
அக்கராயன் றோட்டைக் குறுக்கறுத்து வெள்ளம்;
திறந்த வாய் ஒரு மிடறு குடித்தால்
எஞ்சின் அன்றோடு சரி.
கராஜ் மூலையில் அந்தப் பெட்டியின் அணைவில்
கோழி ஒன்று அடைகிடந்தது.
"நாலு நாளிலை பொரிச்சிடும், பொறுங்கோ அண்ணை."

அந்த நாலு நாளுக்குள் ஒரு வியாழக்கிழமை.
வதனமலரைக் கிளிநொச்சிக் கிளினிக்குக்கு ஏற்றிப்போகிற நாள்.
இரண்டு காதும் போய்ப் பதினைந்து வருசம்.
என் வாயைப் பார்த்துக் கதை பிடிக்க
முன்சீற்றில்தான் இருப்பா, கைப்பை மடியில்.

முறிகண்டி தாண்டி மிதித்தபோது
டாஷ்போட்டில் கை வைத்தா.
எடுத்தா. திரும்ப வைத்தா, இரண்டு உள்ளங்கையும்.
பிறகு செருப்பைக் கழற்றிப் பாதங்களைப் பதித்தா.
"இண்டைக்குத்தான் இது ஓடுது,"
தன் சத்தம் எவ்வளவென்று தெரியாத பெரிய குரல்.
"வேறை கார் வாங்கினனீங்களோ?"

முன்னால் மாடுகள். வேகத்தைக் குறைத்தேன்.
ஐம்பது. நாற்பத்தெட்டு.
அவசரமாய் இறங்கிவிடப் பார்த்தேன்.
"இல்லை, அதிலையே நில்லுங்கோ," என்றா.
"அதுதான் நல்லாயிருக்கு."

நின்றேன்.
மாடுகள் விலகியபிறகும்
பரந்தவெளி முழுக்க நாற்பத்தெட்டில்.
அவ கண்ணை மூடியிருந்தா.
நான் றோட்டை மட்டும் பார்த்தேன்.

கோழி ஒன்பது பொரித்தது.
பெட்டி இப்போது காரில்தான்,
வெள்ளத்துக்கும் பரஞ்சோதிக்கும்.
மழை விட்ட வியாழக்கிழமைகளில், விடியமுன்,
பத்தாம் நம்பர் ஸ்பனர், இரண்டு போல்ட்.
கிளிப் உடைந்து போச்சு,
கம்பியால் கட்டியிருக்கிறேன்.