ஒன்பது புழுக்கை

விளையாட்டின் பெயரை
வெளியூர்க்காரர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதணும் என்று
துணியும் சாயமும் தந்தார் சங்கச் செயலாளர் ஒராஸாலி.
தொகுஸ் குமாலாக்.
தொகுஸ் என்றால் ஒன்பது, அதில் சிக்கலில்லை.
மற்றதைச் சொல்லத்தான் மென்று விழுங்கினார்.
"மணி என்று போடேன். இல்லை, முத்து.
முத்து நன்றாயிருக்கிறது."
கடலே பார்க்காத கார்க்கராலியில்
ஏணியேறி எழுதினேன்:
ஒன்பது முத்துகள்.
கூலி வாங்குகிறவன் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் எங்களூரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்,
குமாலாக் என்றால் ஆட்டுப் புழுக்கை.
சதுரங்கத்துக்கு ராஜா உண்டு, மந்திரி உண்டு,
தந்தத்தில் கடைந்து தர ஆளும் உண்டு.
இதை ஆடியவர்களுக்கு
மந்தை நகர்ந்துபோன தரை இருந்தது.
குதிகாலால் குழி பறித்தார்கள்.
ஒரு கூழாங்கல்லுக்கு மூன்று நாள் நடக்கவேண்டிய புல்வெளியில்
கைக்கு எட்டியதை எண்ணினார்கள்:
காய்ந்தது, உருண்டது, எல்லாம் ஓரளவு,
தீரத் தீர ஆடே போட்டுத் தரும்.
அப்படித்தான் பெயர் வந்தது என்கிறார்கள்.
நான் கூட இருந்து பார்க்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று ஒரு காய் குறைந்தது.
நூற்று அறுபத்திரண்டு வேண்டும்,
ஒன்று எங்கோ உருண்டுவிட்டது.
பெஞ்சுக்கடியில் டார்ச் அடித்தார்கள்.
நடுவர் தன் கோட்டுப் பொத்தானைத் திருகிப் பார்த்தார்.
லாரி ஓட்டுகிற ராய்குல்
தொப்பியை மாட்டிக்கொண்டு பட்டிப் பக்கம் போனாள்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
திரும்பி வந்து பலகையில் வைத்தாள்.
டக்.
பிளாஸ்டிக்கைவிடக் கெட்டி.

"சீக்கிரம் ஆடு தம்பி," என்றாள்,
"அடுப்பு எரிகிறது."

அல்மாத்தியிலிருந்து வந்த எர்ஸாயின்
அந்தக் குழியைத் தொடவே மாட்டேன் என்றிருந்தான்.
பதினோரு முறை அதைச் சுற்றிப் போனான்,
நல்ல நல்ல வாய்ப்பையெல்லாம் விட்டான்.
பிறகு அவன் பக்கம் வேறு குழியே மிச்சமில்லை.
இரண்டு விரலால் எடுத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் போட்டுவந்தான்,
கடைசியாக அது.
அவள் தனக்கென்று பிடித்துவைத்திருந்த
'உப்பு' என்கிற குழியில் விழுந்தது.
அவள் கணக்கில் எண்பத்திரண்டாவது.

கைதட்டல் அடங்கியபோது
கூடத்தில் மெல்ல ஒரு வாசனை.
யாரும் மூக்கைப் பொத்தவில்லை,
பாதிப் பேர் அதோடு வளர்ந்தவர்கள்.

ஒராஸாலி என் பக்கத்தில் வந்து நின்றார்,
மேலே தொங்குகிற துணியை நெடுநேரம் பார்த்தார்.
"அதில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது," என்றார்.

திருத்தினால் கூலி தனி என்றேன்.