கேட்டால் அழுத்தவும்

கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து
கையில் ஒரு பொத்தான் கொடுத்தாள்.
சட்டையில் ரொவேனா என்று பெயர்.
காதைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை மடக்கினாள்:
கேட்டால் அழுத்தவும்.
அவ்வளவுதான் பரீட்சை. இதற்காகத்தான்
துக்மிலிருந்து மஸ்கட்டுக்கு ஆறு மணி நேர வேன்.

முதலில் குக்கர் வந்தது. மூன்று விசில்.
மூன்றுக்கும் அழுத்தினேன்.
அடுத்து கம்ப்ரஸர் மூச்சு இழுக்கும் சத்தம்.
பதினோரு வருடம் பக்கத்தில் நின்றவன்,
அதற்கு அழுத்தாமல் எப்படி?
அப்புறம் கிரிக்கெட் வர்ணனை.
என்ன மொழியோ, யாரோ அவுட், கூட்டம் எழுந்துவிட்டது.
அழுத்தினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரொவேனாவின் நெற்றி
ஒவ்வொரு அழுத்தலுக்கும் சுருங்கிக்கொண்டே போனது.
அப்போதெல்லாம் அவள்
ஒரு சத்தமும் அனுப்பவில்லையாம்.

நாற்பத்தியொரு தடவை.
பதில்கள் நம்பத்தக்கவை அல்ல என்று எழுதி வந்தது.
கம்பெனி ஆள் அந்த வரிக்கு மஞ்சள் மை பூசி
ஃபைலில் வைத்துக்கொண்டார்.
காது போனதற்குக் காசு கேட்டவன்
காது கேட்கிறதென்று தானே சாட்சி சொல்லிவிட்டான்.

உலர்துறையில் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே நின்று
துரு உதிரக் கசடு அடிப்பது என் வேலை.
காதில் பஞ்சு வைத்தால் ஃபோர்மன் கூப்பிடுவது கேட்காது.
அதனால் வைக்கவில்லை.
முதலில் போனது 'ச'.
சம்பளம் அம்பளமாக வந்தது,
அதுவும் இரண்டு மாதம் தள்ளி.
மற்ற எழுத்துகள் எந்த வரிசையில் போயின என்று
நான் கவனிக்கவில்லை.

ஜூலையில் இங்கே தகரத்தைப் பிடுங்கும் காற்று.
கொடியில் கவரால்கள் கையைக் காலை உதறுவதைப் பார்த்து
காற்றென்று தெரிந்துகொள்கிறேன்.
உள்ளே வேறு வானிலை. அங்கே எப்போதும்
யாரோ பக்கத்து அறையில் மேசையை இழுக்கிறார்கள்.

ஒரு ராத்திரி தீ மணி அடித்தது.
நான்தான் எல்லோரையும் எழுப்பினேன்.
கைலியோடு ஐந்து பேர் வெளியே ஓடி
தீ இல்லாத கட்டடத்தைப் பார்த்து நின்றார்கள்.
அடுத்த வாரமும் அடித்தது. மறுபடி எழுப்பினேன்.
மூன்றாவது தடவை நேபாளத்து கும்ராஜ்
ஒன்றும் சொல்லவில்லை (சொல்லி என்ன).
நைலான் கயிறு ஒன்றை எடுத்து
ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும்
மறுமுனையை என் கால் பெருவிரலிலும் கட்டினான்.
நிஜமென்றால் இழுப்பான்.
இழுக்காவிட்டால் தூங்கு.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டதால்
பதினோரு வருடமாக இங்கே நான் மாசிலாமணி.
என் பெயரை இந்த நாட்டில் யாரும் சொன்னதில்லை.
இப்போது ஒரு குரல் சொல்கிறது.
தெரிந்த குரல் இல்லை.
விமான நிலையத்தில் அறிவிப்பாளே, அந்த மாதிரி,
அவசரமில்லாமல், தெளிவாக,
ஒரு எழுத்தும் குறையாமல்:
பயணி நல்லதம்பி, பயணி நல்லதம்பி.
எந்தக் கதவுக்கு என்று மட்டும் சொல்வதில்லை.
எழுந்து உட்கார்ந்து கயிற்றைப் பார்க்கிறேன்.
தொய்ந்து கிடக்கிறது.
படுத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மறுபரீட்சை.
எதற்கும் அழுத்தாதே என்று கும்ராஜ் விரலாட்டுகிறான்.
அதுதான் சரி என்று எனக்கும் தெரியும்.
ஆனாலும் பொய்யல்லவா அது?
கேட்பதைக் கேட்கவில்லை என்பது.
பொத்தானை மடியில் வைத்துவிட்டு
கையைக் கட்டிக்கொள்ளலாம்.
குக்கர் வரும், மூன்று விசில், பொறுத்துக்கொள்வேன்.
ஒன்றரை வருடமாக மூன்றோடு நிற்கிறது அது.
உள்ளே எது வேகிறதோ, இன்னும் அரைவேக்காடு.
அன்றைக்குப் பார்த்து
நாலாவது வந்துவிட்டால் என்ன செய்வேன்
என்பதுதான்
தெரியவில்லை.