ஆறு நாற்பத்திரண்டு

தோற்றோம்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு நீங்கள் ஒவ்வொரு பந்துக்கும்
மூச்சைப் பிடிக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டியில் கடற்பக்கக் கல்யாண மண்டபம்.
மணவறை கழற்றிய மேடையில் ஸ்கோர் பலகை.
நேற்றுப் பந்தி நடந்த இடத்தில்
இரண்டாம் இலக்க மேசை.
கம்பளத்தில் இன்னும்
ஒரு மல்லிகை நார் ஒட்டிக் கிடந்தது.

காலையில் பெயர்ச்சீட்டுக் கேட்டார்கள்.
ஐந்தாவது கோட்டுக்கு வந்ததும்
பேனாவை உதறினேன், உள்ளங்கையில் கிறுக்கினேன்.
மை இருந்தது.
பெயர்தான் வரவில்லை.

ரிஷாட் பதினெட்டு வருடம் இந்த நாட்டுக்கு ஆடியவர்.
தோகாவிலும் தாய்ப்பேயிலும்
கடைசி ஆட்டம் என்றால் அவர்தான்.
இமேஷாவுக்கு இருபத்தொரு வயது.
மருதானையில் மாமாவின் கிளப்பில் மேசை துடைத்து,
ஆளில்லாத மத்தியானங்களில் தனக்குத்தானே எதிரியாகி ஆடியவள்.
இமேஷா என்று எழுதினேன்.
ரிஷாட் ஒன்றும் சொல்லவில்லை.
கியூவை இரண்டாகக் கழற்றி
பைக்குள் வைத்து
ஸிப்பை இழுத்தார்.
மிக நீளமான ஸிப் அது.

எட்டுக்கு எட்டு.
இனி ஒரே ஒரு ரேக்.
ஆறாம் பந்தை விழுத்தினாள். ஆனால் வெள்ளைப் பந்து
இறங்கும் ஹோல்ட்டைத் தவறவிட்ட பயணிபோல
ஒரு சாண் கூடப் போய் நின்றது.
ஏழு, எதிர்க் குஷனில், ஒட்டியும் ஒட்டாமலும்.
வெட்டினால் நூல் கனத்துக்கு வெட்டவேண்டும்.
ஒளித்து வைக்கலாம். மணிலாக்காரனோ
ஒளித்ததையெல்லாம் எடுத்துக் கையில் தருபவன்.

முப்பது வினாடிக் கடிகாரம்.
அணித்தலைவிக்கு ஒரு நாற்காலி,
ஒரு தண்ணீர்ப் போத்தல்.
கியூ இல்லாத கைகளை
எங்கே வைப்பதென்று யாரும் சொல்லித் தருவதில்லை.
தொடைக்குக் கீழே வைத்து அழுத்தியிருந்தேன்.

அப்போது காலில் வந்தது.
காதுக்கு முன்னே காலுக்கு வரும் அது.
வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு நேரே வளர்ந்தவளுக்கு
மணிக்கூடு தேவையில்லை:
கோட்டையிலிருந்து களுத்துறைக்குப் போகும்
ஆறு நாற்பத்திரண்டு.
நடுவருக்குத் தெரியாது. மணிலாவுக்குத் தெரியாது.
குனிந்துவிட்ட இமேஷாவுக்கும் தெரியாது.

"டைம் அவுட்."

எனக்கிருந்த ஒன்றே ஒன்று.

என் சிங்களம் சந்தைச் சிங்களம்,
அவள் தமிழ் பஸ் தமிழ்.
"கோச்சி வருது," என்றேன். "போகட்டும்."
"எத்தினை பெட்டி?"
"ஒன்பது."
மேசையைக் காட்டிக் காட்டி
பெரிய திட்டம் பேசுகிறவர்கள்போல
பெட்டி எண்ணினோம்.
ஆறாவதில் எனக்குக் கணக்குத் தவறியது.
அவள் கன்னத்தைக் கடித்துச் சிரிப்பை நிறுத்தினாள்.
சரவிளக்கின் கண்ணாடிகள் ஒன்றையொன்று தொட்டன.
ஏழு ஒரு மயிரிழை நடுங்கி அடங்கியது,
நன்மைக்கா தீமைக்கா தெரியாமல்.
எதிரணித் தலைவர்
எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டினாள்.
ஏழு விழுந்தது. எட்டு விழுந்தது.
ஒன்பது
பொக்கெட்டின் இரண்டு உதட்டிலும் தட்டி
போகலாமா என்று யோசித்தது.
போகவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய பந்தை
மணிலாக்காரன் மரியாதையோடு
கண்ணைத் திறந்து அடித்தான்.

பிறகு கேள்விகள்.
ஏன் ரிஷாட் இல்லை? ஏன் அந்தப் பிள்ளை?
டைம் அவுட்டில் என்ன சொன்னீர்கள்?
"ஏழாம் பந்தைப் பற்றிக் கதைத்தோம்," என்றேன்.
தோல்விச் சீட்டில் கையெழுத்துத் தலைவிக்கு உரியது.
இந்தமுறை பேனா உடனே எழுதியது.

வெளியே மழை. ஒரு ஓட்டோவும் நிற்கவில்லை.
படியில் இமேஷா மாலுபாண் தின்றுகொண்டிருந்தாள்,
கண் சிவந்திருந்தது, பசியும் இருந்தது.
ரிஷாட் கியூப் பையைத் தலைக்குமேல் பிடித்தபடி
என் பக்கத்தில் வந்து நின்றார்.
நெடுநேரம் கழித்து,
"நானெண்டா ஒளிச்சு வெச்சிருப்பன்," என்றார்.
இன்னும் கொஞ்சம் மழை பெய்தது.
"அதுவும் தோத்திருக்கும்."

நாளை காலை எட்டுக்கு வியட்நாம்.
சட்டைப்பையில் புதிய பெயர்ச்சீட்டு,
ஐந்தாவது கோடு காலி.
எங்களுக்கு முதலாம் இலக்க மேசையாம்,
அது தண்டவாளத்துக்கு இன்னும் கிட்ட.
எட்டுப் பத்துக்கு ஒரு கோச்சி இருக்கிறது.