ஆம் விகுதி

ஏரிமீன் அழிந்தது என்று
கையெழுத்திட்டவள் முவல்லா.
இரண்டாயிரத்து நான்கு, மார்ச் மாதம், மூன்று படிகள்.
ஆறு கோடைக்காலம் வலைவீசி ஓய்ந்த பிறகுதான் எழுதினாள்;
சோம்பலில் எழுதவில்லை.
ஏற்றுமதிக்கென்று அரசாங்கம் கொண்டுவந்து விட்ட
பல்லுள்ள பெருமீன்
ஏரியின் குஞ்சுகுளுவான்களை எல்லாம்
எப்போதோ துடைத்துப் போட்டிருந்தது.

துருக்கி மொழியில்
கண்ணால் கண்ட சாவுக்கு ஒரு விகுதி,
காதால் கேட்ட சாவுக்கு வேறு விகுதி.
நமக்கும் உண்டே: போனான், போனானாம்.
முவல்லா கண்டதற்கான விகுதியைப் போட்டிருந்தாள்.
கடைசி மீன் சாவதை
யார் கண்டார்?

இப்போது, பூர்தூரிலிருந்து மூன்று மணிநேரம்
ஜீப்பில் மலையேறி வந்து
ஓர் ஆட்டுத்தொட்டிக்குள்
முழங்கை வரை கையை விட்டு நிற்கிறாள்.
சுண்டுவிரல் நீளம். விலாவில் மிளகு தூவியதுபோல் புள்ளி.
பாசிக்குள் ஒன்று,
அதன் நிழலுக்குள் இன்னொன்று.

தொட்டிக்காரி துர்சுனேவுக்கு இந்தப் பரபரப்பு பிடிபடவில்லை.
"இதுவா? புழு தின்கிற மீன்.
கல்யாணமான வருஷம்
என் புருஷன் ஏரியிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து கொட்டினான்.
தண்ணீரில் புழு நெளிகிறது என்று
நான் போட்ட சண்டை தாங்காமல்.
அவன் போய்விட்டான்."
கண்ட விகுதியில்தான் சொன்னாள்.

ஒரு சண்டை, ஒரு வாளி.
அறிக்கையில் இதை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

துர்சுனே என்றால் நிற்கட்டும் என்று அர்த்தம்.
அவளுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை.
நாமென்றால் மூக்குக் குத்திப் பிச்சை என்று பேரிட்டிருப்போம்;
அங்கே நேராகவே கேட்டுவிட்டார்கள்.

எண்ணினார்கள். ஓடி ஓடி ஒளிவதை மூன்று முறை எண்ணி
நாற்பத்தொன்று என்று முடிவானது.
"நாற்பத்தொரு தடவை மாஷா அல்லாஹ்" என்றாள் துர்சுனே.
கண்ணேறு படாதிருக்க அந்த ஊரில் சொல்லும் கணக்கு
தானாக வந்து பொருந்தியதில்
அவளுக்கே கொஞ்சம் பயம்.

அங்காராவிலிருந்து தொலைபேசி.
சான்று வேண்டும், ஒன்றைச் சாராயத்தில் போட்டு அனுப்புங்கள்.
உயிரோடிருக்கிறது என்று நிரூபிக்க
ஒன்று சாகவேண்டும், அவ்வளவுதான்.
முவல்லாவின் கோட்டுப்பையில் குப்பி இருந்தது.
மூடியைத் திருகவும் திருகினாள்.
துர்சுனே அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கிடா விலைபேச வந்தவன் கையைப் பார்ப்பதுபோல.

"செத்தது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது"
என்றாள் முவல்லா தொலைபேசியில்.
"மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. வெளுத்துப் போயிருக்கும்.
இங்கிருந்து படம் வரும்."

பிறகு பழைய அறிக்கையைத் தொட்டிவிளிம்பில் விரித்து
ஈரக்கையோடு, அவள் மொழியில்,
ஒரு சொல்லின் வாலை மட்டும் மாற்றினாள்.
தமிழில் எழுதினால்: அழிந்ததாம்.
ஆம் என்பதற்கு
நம்மிடம் இன்னொரு பொருளும் உண்டு.

"ஆடுகள் குடிக்கலாமா, கூடாதா?"
இரண்டாம் முறையாகக் கேட்டாள் துர்சுனே.