அறுத்த வலைக்கான மனு

தொண்டி வனச்சரக அலுவலகச் சுவரில்
போன வருஷத்து அக்டோபர் இன்னும் தொங்குகிறது.
அதில் செம்மண் நிறத்தில் ஒரு பிராணி,
வளையம் வளையமாய் வால்,
மூங்கில் இலையைக் கையில் பிடித்தபடி
என்னையே பார்க்கிறது.
சிவப்புப் பாண்டாவாம். சிக்கிம் பக்கமாம்.
"அதுவும் உங்க ஆவுளியாவும்
சட்டத்துல ஒரே பட்டியல்" என்கிறார் வனவர்.
இருக்கட்டும்.
பனிமலையில் அதற்கொரு பங்காளி.

முதல் கட்டம்: பெயர்.
நம்புவேல், த/பெ உடையான், மோர்ப்பண்ணை.
அடுத்தது: வலையின் மதிப்பு.
அதைச் சீனி இபுராம்சாவிடம்தான் கேட்க வேண்டும்.
முன்பணம் அவருடையது,
நண்டு அவருக்கு, அவர் சொன்ன விலைக்கு.
கிழிசல் மட்டும் என் பெயரில்.

மூன்றாவது கட்டம் இரண்டு விரல் அகலம்:
சம்பவ விவரம்.

வாடை விழுந்த இரவு. மூன்று பாகத் தண்ணீர்.
தாழைப்புல் கையில் சுற்றிக்கொண்டு வந்தது.
மிதப்புகள் ஒன்றாக முங்கின.
திருக்கை என்றான் பூமிராஜ்.
திருக்கை இழுக்கும், கெஞ்சாது.
இது கெஞ்சியது.
டார்ச் வெளிச்சத்தில் தடித்த உதடு,
அதில் தேய்ந்த துடைப்பம் போல முடி.
மீனுக்கு அவகாசம் உண்டு. இதற்கு இல்லை.
மேலே வந்து மூச்சு வாங்காவிட்டால்
பிறந்த கடலிலேயே மூழ்கிச் சாகும்.

"படம் எடு மாப்ள, படம் இருந்தாத்தான் பணம்."
போனில் மூன்று சதவீதம்.
எடுத்தேன், இருட்டு விழுந்தது.
இன்னொரு தரம், என் கட்டைவிரல்.
பிறகு போன் செத்தது.
அது இன்னும் சாகவில்லை.

கத்தியை எடுத்தது நான்.
இதை எழுதக் கட்டம் இல்லை:
அதே கத்திதான்.
பதினாறு வயதில், கொல்லையில் ஓலை விரித்து,
படலைச் சாத்திக்கொண்டு
கூறு போட்டோம் ஒன்றை.
கொழுப்பை மாமா முட்டியில் தேய்த்தார்,
வலி போகவில்லை.
கறி ருசியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
வயிறு நிறையப் புல்.
பச்சை மாறாத புல்.

பன்னிரண்டு கண்ணி, இருபது கண்ணி,
பிறகு எண்ணவில்லை. மேல்கயிறும் போனது.
எழும்பி என் முகத்துக்கு ஒரு முழத்தில்
விட்டது மூச்சு.
மழையில் நனைந்த மாட்டுக்கொட்டில் வாசனை,
அடியில் உப்பு.
நன்றியெல்லாம் சொல்லவில்லை.
வாலால் வள்ளத்தை ஒரு தட்டு,
பூமிராஜின் டீ பிளாஸ்க் கடலில்.

வனவர் போனை வாங்கி
இருட்டைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்.
"இதுல எது ஆவுளியா?"
கட்டைவிரலுக்கு வலப்பக்கம், என்கிறேன்.
சிரிக்கவில்லை, நல்ல மனுஷர்.
பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார்.
"அறுத்த வலையவாவது கொண்டாங்க.
அதைப் படம் எடுப்போம்."

சாயந்தரம் மணலில் விரித்துப் போட்டேன்.
நடுவில் ஓட்டை.
பூமிராஜின் மகள்
கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு
அதன் வழியே போனாள், வந்தாள், போனாள்.

இபுராம்சா வந்தார்.
கணக்கு நோட்டு கக்கத்தில் இருக்க
ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"இம்புட்டுப் பெருசா?"
"இன்னும் கொஞ்சம் பெருசு" என்றேன்.
தலையை ஆட்டினார்.
பிறகு நோட்டைத் திறந்தார்.